சுமை வண்டியின் பின்புறம் தாழ்கிறதா? கமானைக் கூட்டுமுன் கவனிக்க வேண்டியவை

கட்டை வண்டிக்கும் வில் வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை உழவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டை வண்டியில் பாரம் அச்சின் மீது நேராக உட்காரும். பாதையின் ஒவ்வொரு குலுக்கலும் பாரத்தில் இறங்கும். வில் வண்டியில் அச்சுக்கும் பாரத்துக்கும் இடையே எஃகு வில் இருப்பதால் குலுக்கலின் பெரும் பகுதியை அந்த வில்லே வாங்கிக்கொள்ளும். இன்று காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டிகளிலும், 2005ல் வெளிவந்து 'குட்டி யானை' என்று மக்களிடம் பெயர் பெற்ற டாடா ஏஸ் வண்டியிலும் பின் அச்சின் மீது பாரத்தைத் தாங்குவது அதே வில்தான். பட்டறைகளில் அதைக் கமான் என்றும், அதன் தகடுகளைப் பட்டை என்றும் சொல்வர்.

பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வட்டாரங்களில் விளையும் கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு செங்குன்றம், வியாசர்பாடி, மூலக்கொத்தளம் வழியாக ராயபுரம், வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்கு வரும் சிறு வண்டிகளைப் பார்த்தால் ஒன்று விளங்கும். பல வண்டிகள் வால் தாழ்ந்து, மூக்கு நிமிர்ந்து செல்கின்றன. வழியெல்லாம் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள். அவற்றின் பாரத்தால் விழுந்த குழிகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அக்குழிகளை மறைத்து நிற்கும் நீர். இந்நிலையில், "இரண்டு பட்டை கூட்டி, கட்டை வைத்து வண்டியைத் தூக்கிவிடலாம்" என்று பட்டறையில் யாரேனும் சொன்னால் விவசாயி உடனே இசைந்துவிடுகிறார். அதில் லாபமும் உண்டு, பெரிய நட்டமும் உண்டு. எது எப்போது பொருந்தும் என்பதை அறிந்து செய்தல் நலம்.

வெறும் வண்டியின் பின்புற உயரம் குறையன்று

சுமை இல்லாத பிக்கப் வண்டியின் பின்புறம், முன்புறத்தைவிடச் சில செ.மீ. உயர்ந்தே இருக்கும். பாரம் ஏறும்போது பின்புறம் இறங்கி வண்டி மட்டமாக வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் திட்டமிட்டு வைத்த உயரம் அது. அமெரிக்கா போன்ற நாடுகளில் பிக்கப் வண்டியைப் பாரம் ஏற்றாமல் கார் போல ஓட்டுவோர் பலர். அவர்கள் அழகுக்காக முன்புறத்தைத் தூக்கி வெறும் வண்டியை மட்டமாக்குகிறார்கள். அதைப் பார்த்து நம் விவசாயியும் செய்தால், பாரம் ஏறியதும் வண்டி வால் தாழ்ந்து நிற்கும். முன் சக்கரங்களில் எடை குறைந்தால் ஸ்டியரிங் இலகுவாகிப் பிடிப்புக் குறையும். முகப்பு விளக்கின் ஒளி மேல் நோக்கிப் பாய்ந்து, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். எனவே உழவர் வண்டியைப் பொறுத்தவரை, மட்டம் பார்க்க வேண்டியது பாரத்தோடுதான்.

முதலில் அளவும் எடையும்

நோய் என்னவென்று அறியாமல் மருந்து தெளிப்பது வீண் செலவு. கமானுக்கும் அதுவே விதி. வண்டியைச் சிமெண்டுத் தளத்தில் நிறுத்தி, டயர்களில் குறித்த அளவு காற்று இருக்கிறதா என்று பார்க்கவும். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் அதன் மேலுள்ள மட்கார்டின் விளிம்பு வரை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளவும். வெறும் வண்டியில் ஒரு முறையும், வழக்கமான பாரத்தோடு ஒரு முறையும் அளத்தல் வேண்டும்.

வெறும் வண்டியிலேயே இடம் வலம் வேறுபட்டால் தாழ்ந்த பக்கத்தில் பட்டை ஒடிந்திருக்கலாம், அல்லது தளர்ந்திருக்கலாம். இரு பக்கமும் சமமாக, ஆனால் வாங்கிய காலத்தைவிடத் தாழ்வாக இருந்தால் கமான் முழுவதும் சோர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். வெறும் வண்டியில் குறை ஏதுமின்றிப் பாரத்தில் மட்டும் வால் தாழ்ந்தால், பாரம் மிகுதி அல்லது பாரம் வைத்த இடம் தவறு.

அடுத்தது எடை. துறைமுகத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் எடை மேடைகளுக்குக் குறைவில்லை. பாரத்தோடு முழு வண்டியையும் நிறுத்தி எடை பார்த்தபின், பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி மற்றொரு முறை பார்க்கவும். பதிவுச் சான்றில் குறித்துள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

காசில்லாத வைத்தியம்

பாரம் வைக்கும் இடத்துக்கு எத்தனை வலிமை உண்டு என்பதை ஒரு கணக்கால் காணலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 300 செ.மீ. உள்ள ஒரு வண்டியில் 1,200 கிலோ காய்கறி ஏற்றுவதாகக் கொள்வோம். பாரத்தின் நடு மையம் பின் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் அமைந்தால், 120 கிலோ முன் அச்சுக்குப் போய், 1,080 கிலோ பின் அச்சில் இறங்கும். அதே பாரத்தின் மையம் பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் அமைந்தால், பின் அச்சில் 1,320 கிலோ இறங்கும். முன் அச்சிலிருந்து 120 கிலோ எழும்பிவிடும். ஏற்றத்தில் பின்னால் கனத்தவன் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவன் மேலே போவது போலத்தான்.

இரு பக்கக் கமான்களும் சேர்ந்து ஒரு செ.மீ. அமுங்க 120 கிலோ தேவை என்று வைத்துக்கொண்டால், முதல் முறையில் பின்புறம் 9 செ.மீ. தாழும்; இரண்டாம் முறையில் 11 செ.மீ. தாழும். ஆகவே பெட்டிகளைக் கேபினை ஒட்டி அடுக்கினாலே 2 செ.மீ. கிடைத்துவிடுகிறது.

இனி, ஐந்து பட்டை உள்ள கமானில் அதே கனமும் அதே அகலமும் உள்ள ஒரு பட்டையைக் கூட்டினால் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்து 144 கிலோவாகும். 1,320 கிலோவை 144ஆல் வகுத்தால் 9.2 செ.மீ. அதாவது, பணம் கொடுத்துப் பட்டை கூட்டிக் கிடைப்பதும், காசில்லாமல் பெட்டியை முன்னே தள்ளி வைத்துக் கிடைப்பதும் ஏறக்குறைய ஒன்றே. எனவே கனமான கிழங்கு, பூசணி மூட்டைகளை முன்னாலும் கீழேயும், இலேசான கீரைக் கட்டுகளைப் பின்னாலும் மேலேயும் வைத்துப் பார்த்த பிறகே பட்டறைக்குச் செல்லலாம்.

பட்டறையில் சொல்லப்படும் வழிகள்

பழைய கமானை மாற்றுதல்: கமான் சோர்ந்த வண்டிக்கு இதுவே தக்க வழி. தயாரிப்பாளர் குறித்த அதே அளவுள்ள கமானை இரு பக்கமும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். சோர்ந்த பட்டையை நெருப்பில் காட்டி வளைத்துக் கொடுப்பது செலவு குறைந்ததுதான். ஆனால் முறைப்படி பதம் ஏற்றாத பட்டை விரைவில் மறுபடியும் தளர்ந்துவிடும்.

பட்டை கூட்டுதல்: பாரம் சட்ட அளவுக்குள் இருந்து, வண்டி எப்போதும் நிறைபாரத்தோடே ஓடுமானால் தயாரிப்பாளர் அனுமதித்த வகையில் ஒரு பட்டை கூட்டலாம். ஆனால் கிடைத்த பட்டையைச் செருகுவது கூடாது. பட்டையின் கனம் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 8 மி.மீ. பட்டைகளுக்கிடையே 12 மி.மீ. லாரிப் பட்டை ஒன்றை வெட்டிச் சேர்த்தால், அது ஒன்றே மூன்று பட்டைகளுக்கும் மேலான விறைப்பைக் காட்டும். சேர்ந்து வளையும்போது அந்தக் கனத்த பட்டையே அதிகத் தகைவு வாங்கி முதலில் ஒடியும். பழைய லாரிப் பட்டையில் அரிவாள் அடிப்பது சரி. அதையே திரும்பக் கமானாக்குவது சரியன்று.

துணைக் கமான்: இதனை ஹெல்பர் என்பர். வெறும் வண்டியில் இது சும்மா இருக்கும். பாரம் ஏறிக் கமான் ஓரளவு தாழ்ந்த பின்னரே தாங்கத் தொடங்கும். போகும்போது நிறைபாரமும் திரும்பும்போது வெறும் பெட்டியுமாக ஓடும் விவசாயியின் வண்டிக்குப் பிற வழிகளைவிட இது ஏற்றது.

காற்றுப் பை: பாரத்துக்குத் தக்கபடி காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். எனினும் விலை அதிகம். காற்றுக் கசிந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். சேஸிஸின் ஓரிடத்திலேயே பாரம் அழுந்துவதும் உண்டு.

கட்டை வைத்தல், நீண்ட ஷாக்கிள் போடுதல்: அச்சுக்கும் கமானுக்கும் நடுவே கட்டை வைத்தால் வண்டி உயரும், ஆனால் கமானின் தாங்கும் சக்தி ஒரு கிலோகூடக் கூடாது. மரக்கட்டை வைப்பதும், கட்டை மேல் கட்டை அடுக்குவதும் ஆபத்தானவை. பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக் கட்டை நழுவினால் வண்டி கைக்கு அடங்காது. ஷாக்கிளை 2 செ.மீ. நீட்டினால் பின்புறம் சுமார் 1 செ.மீ. மட்டுமே உயரும், அச்சின் சாய்வும் மாறி, புரொபெல்லர் தண்டின் இணைப்புகள் தேயும்.

ஷாக் அப்சார்பர்: இதை மாற்றினால் வண்டி உயரும் என்று எண்ணுவோர் உண்டு. சாதாரண ஷாக் அப்சார்பர் பாரம் தாங்குவதில்லை. கமான் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருப்பதை அடக்குவதே அதன் வேலை. எண்ணெய் கசிந்தால் மாற்ற வேண்டும். ஆனால் தாழ்வுக்கு அது மருந்தன்று.

விறைத்த கமான் விளைபொருளை அடிக்கும்

பலரும் கவனிக்காத நட்டம் இதுவே. கமான் விறைக்க விறைக்க வண்டி கட்டை வண்டியின் குணத்தை அடைகிறது. குழியில் விழும் அடி நேராகப் பெட்டிக்குச் செல்கிறது. பின் அச்சுக்கு மேலும் அதன் பின்னாலும் உள்ள பெட்டிகளில், அவற்றிலும் மேல் அடுக்கில், குலுக்கல் மிகுதி. தக்காளி அங்கே கன்றிப்போகும். அன்று கண்ணுக்குத் தெரியாத அடி மறுநாள் கடையில் அழுகலாக வெளிப்படும். பாரம் குறைந்த நாளில் விறைத்த கமான் இன்னும் கடுமையாகக் குலுக்கும். இரண்டு பெட்டி கூடுதலாக ஏற்றிப் பெற்ற கூலி, நான்கு பெட்டி தக்காளியின் விலைக்குறைவில் போய்விடக் கூடாது. தக்காளியை நடுப்பகுதியில் வைத்து, பெட்டிகள் ஆடாதபடி இறுக்கிக் கட்டுதல் வேண்டும்.

பிரேக்கும் சட்டமும்

சில பிக்கப் வண்டிகளில் பின் அச்சையும் சேஸிஸையும் இணைத்து ஒரு சிறு கம்பியும் வால்வும் இருக்கும். பின்புறம் தாழ்ந்தால் பாரம் உண்டு என அறிந்து அது பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைக் கூட்டிக் கொடுக்கும். கட்டை வைத்தோ பட்டை கூட்டியோ பின்புறத்தைத் தூக்கினால், நிறைபாரத்திலும் வண்டி வெறுமையாக இருப்பதாகவே அந்த வால்வு நடந்துகொள்ளும். பின் பிரேக் குறையும். ஆகவே உயரம் மாறினால் இவ்வால்வைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு சரிசெய்தல் இன்றியமையாதது. முகப்பு விளக்கையும் அத்துடன் சரிசெய்துகொள்ளவும்.

கமானைக் கூட்டுவதால் அச்சோ, பேரிங்கோ, டயரோ, சேஸிஸோ, பிரேக்கோ வலுப்பெறுவதில்லை. வால் தாழ்வது அளவு மீறியதைக் காட்டும் அறிகுறி. கமானை விறைக்கச் செய்தால் அறிகுறி மறையும். பாரம் அப்படியே இருக்கும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அளவு மீறிய பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என 194ஆம் பிரிவு கூறுகிறது. சோர்ந்த கமானுக்குப் பதிலாகத் தயாரிப்பாளர் குறித்த அதே கமானைப் போடுவது பழுது பார்த்தலே. மற்றவற்றுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுச் செய்வது பாதுகாப்பு.

கடற்கரைப் பகுதிக்குரிய பராமரிப்பு

ராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்புக் காற்று வீசும் பகுதி. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றித் திரும்பினால் ஐஸ் உருகிய உப்பு நீரும் கமானில் சொட்டும். பட்டைகளுக்கிடையே துரு அரித்த குழியில்தான் விரிசல் தொடங்குகிறது. எனவே வாரம் ஒரு முறை நல்ல நீரால் கமானைக் கழுவவும். சென்டர் போல்ட், யூ போல்ட், ஷாக்கிள் புஷ் ஆகியவற்றை மாதம் ஒரு முறை பார்க்கவும். புதிய கமான் போட்டபின் சில நூறு கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்குதல் அவசியம். சக்கரத்தின் நடு வரை நீரில் இறங்கிய வண்டிக்கு வீல் பேரிங் கிரீஸையும் பின் அச்சின் எண்ணெயையும் சோதித்தல் வேண்டும்.

சுருங்கக் கூறின், முதலில் காற்றும் அளவும் எடையும். அடுத்து பாரம் வைக்கும் இடம். பிறகு பழுதான கமானை மாற்றுதல். தேவையெனில் மட்டுமே துணைக் கமான். முன்புறத்தை உயர்த்துவதும் கட்டை வைப்பதும் உழவர் வண்டிக்கு வேண்டாதவை. அடுத்த நடைக்குப் பாரம் ஏற்றியதும் ஒரு நாடாவை எடுத்து நான்கு சக்கரங்களையும் அளந்து பார்த்தால், பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்பது விவசாயிக்கே தெரிந்துவிடும்.