‘நன்றாகத் தெரியும்’ என்று எழுதாதே

ஸ்ரீரங்கம்

அன்புத் தம்பிக்கு,

வேலைக்கு அனுப்ப நீ எழுதிய பயோடேட்டா வந்தது. ‘வெல்டிங் நன்றாகத் தெரியும்’ என்று போட்டிருக்கிறாய். உன் வேலையைக் கண்ணால் பார்த்த எனக்கு அது போதும். பார்க்காதவருக்கு அந்த வரியால் என்ன விளங்கும்?

நம் திருச்சியிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. பெல் ஆலை 1965 முதல் பாய்லர் செய்துவரும் ஊர் இது. வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் 1975இல் இங்கேதான் தொடங்கியது. திருவெறும்பூர்ப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர் ஆள் தேடும்போது ‘6ஜி வெல்டர் இருக்கிறாரா?’ என்றுதான் கேட்பார். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாய் சுழலாது, வெல்டர்தான் சுற்றிவந்து பற்றவைக்க வேண்டும். அதில் தேறியவர் 6ஜி. ஓர் எண், ஓர் எழுத்து, அவற்றின் பின்னால் ஒரு சோதனை. அதனால்தான் திருவெறும்பூரில் சொன்னது துபாயிலும் புரிகிறது. அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி, தேறிய முறையில் ஆறு மாதம் வேலையே செய்யாமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதியாகிவிடும். பழக்கம் விட்டால் கை மறக்கும் என்பது விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

எல்லாத் தொழிலுக்கும் இப்படியொரு பொதுப்பேச்சு வேண்டும் என்றுதான் 2013இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. ஒரு படிப்பை முடித்தவருக்கு என்ன தெரியும், என்ன செய்வார், எவ்வளவு பொறுப்பேற்பார் என்று பார்த்து அந்தப் படிப்பை ஒரு படியில் வைக்கிறது. இப்போது படிகள் எட்டு. 2015இன் தேசியத் தொழில் வகைப்பாடு ஒவ்வொரு வேலைக்கும் எட்டு இலக்க எண் தருகிறது. 2023இன் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட், பள்ளிக்கும் ஐ.டி.ஐ.க்கும் கல்லூரிக்கும் ஒரே அளவுகோல்.

வேலையை இப்படி வகுத்து எழுதுவது புதிதல்ல. நம் ஸ்ரீரங்கம் பெரிய கோயிலின் வரலாறு சொல்லும் கோயிலொழுகைக் கேள்விப்பட்டிருப்பாய். இராமானுசர் பணியாளர்களைப் பத்துக்கொத்தாக வகுத்து, யாருக்கு எந்தப் பணி என்று திட்டம் செய்ததை அது சொல்கிறது. எழுதி வைத்த பணி ஆள் மாறினாலும் தடைப்படாது. ஆனால் அங்கே பணி பெரும்பாலும் குடிவழி வந்தது. உன் பட்டியலில் நீ செய்து காட்டியது மட்டுமே இடம்பெற வேண்டும்.

ஆகவே அந்த ஒரு வரியை அடித்துவிடு. ஆர்க்கா டிக்கா, எந்த நிலையில், எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர் கனம், யார் சோதித்தார்கள், எந்தத் தேதியில் என்று எழுது. தெரியாததை எழுதாதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்