பிடி அரிசிப் பள்ளி

கேள்வி: இங்கிலாந்தின் குவேக்கர் பள்ளிகளைப் போல, ஒரு சமூகமே கூடி நடத்திய பள்ளி நம் கரிசல் பக்கம் உண்டா?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: உண்டு. ரயிலில் சாத்தூரைத் தாண்டினால் விருதுநகர். அங்கே 1889-இல் நாடார் உறவின்முறையார் தொடங்கியது சத்திரிய வித்தியாசாலை. பெரிய கோயில்களுக்குள் அவர்களை விடாத காலம் அது. ஆக்ஸ்போர்டு பட்டம் மறுக்கப்பட்ட நாளில்தான் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் 1779-இல் ஆக்வொர்த் பள்ளியைத் திறந்தார்கள்.

விருதுநகர்ப் பள்ளிக்கு வியாபாரிகள் தங்கள் வியாபாரத்திலிருந்து ஒரு பங்கை மகமையாகக் கொடுத்தார்கள். என் மனம் நிற்பதோ அடுப்படியில். உலை வைக்கும்போது பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைப் பள்ளிக்கென்று எடுத்து வைத்தார்கள். கம்பும் சோளமும் விளைகிற மானாவாரி மண்ணில் அரிசி லேசான பொருளா? அங்கே படித்த காமராஜர்தான் முதலமைச்சராகி, 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு கொண்டுவந்தார். அந்தப் பிடி அரிசியைச் சிறுவயதில் அவர் பார்த்திருப்பார் என்றே நம்புகிறேன்.