திரைக்குள் நிகழும் வன்முறை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: திரையில் சுட்டுப் பழகும் பிள்ளைகள் வெளியிலும் வன்முறையில் இறங்குவார்கள்.

உண்மை: இந்த அச்சம் பரவியிருந்த 2019 மார்ச்சில், குஜராத்தின் ராஜ்கோட் காவல்துறை பப்ஜி என்னும் சுடும் விளையாட்டுக்குத் தடை விதித்து, மீறி விளையாடிய இளைஞர்களைக் கைதும் செய்தது. அதே ஆண்டில் வெளியான ஓர் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு, 14, 15 வயதுடைய 1,004 பிரித்தானியப் பிள்ளைகளை ஆராய்ந்து, வன்முறை விளையாட்டுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. ஆய்வாளர்கள் இதில் இன்னும் ஒருமித்துவிடவில்லை.

நம்பிக்கை: திரையில் இருப்பவை வெறும் படங்கள், மனம் அவற்றைப் பொருட்படுத்தாது.

உண்மை: ஆணைக்குக் கட்டுப்பட்டு மனிதன் எவ்வளவு தூரம் பிறரைத் துன்புறுத்துவான் என்பதை அறிய 1960களில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய, பின்னர் அறக்கேட்டின் பெயரால் கைவிடப்பட்ட சோதனையை, 2006இல் மெல் ஸ்லேட்டர் குழுவினர் மெய்நிகர் வெளியில், அதாவது கணினியால் உருவாக்கப்பட்டு உள்ளே நிற்பவரைச் சூழ்ந்துகொள்ளும் காட்சிவெளியில், திரும்ப நடத்தினர். கணினி வரைந்த ஒரு பெண் தவறாக விடை சொல்லும்போதெல்லாம் பங்கேற்பவர் அவளுக்கு மின்னதிர்ச்சி தரவேண்டும். அவளும் பொய், அதிர்ச்சியும் பொய் என்பது 34 பேருக்கும் முன்பே தெரியும். எழுத்து வழியாக மட்டும் அவளோடு தொடர்பு கொண்ட 11 பேர் கடைசி அதிர்ச்சிவரை சென்றார்கள். அவளைக் கண்டும் கேட்டும் நின்ற 23 பேரிலோ சிலர் பாதியில் நிறுத்தினர், சிலர் சரியான சொல்லை அழுத்தி உச்சரித்து அவளுக்குக் குறிப்புக் கொடுத்தனர், பதற்றத்தில் வியர்வையோடு மாறும் தோலின் மின்கடத்துதிறனும் அவர்களுடைய உளைச்சலைக் காட்டியது. பொய்யென்று அறிந்திருந்தும் உடல் பதறியது.

நம்பிக்கை: உடலில்லாத இடத்தில் பாதிக்கப்பட்டவர் என்று எவரும் இல்லை.

உண்மை: மூன்றிலும் இதுவே பெரிய பிழை. ஸ்லேட்டரின் பெண்ணுக்கு வலிக்க வழியில்லை. ஆனால் படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் இயங்கிய லாம்டாமூ என்னும் இணைய உலகில், 1993இல், மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் உலவிய ஒருவர், பிறருடைய கதாபாத்திரங்களைத் தம் விருப்பப்படி ஆட்டுவிக்கும் நிரலொன்றைக் கொண்டு, அவை பாலியல் இழிவுக்கு உள்ளாவதாகப் பலர் முன்னிலையில் எழுதிக் காட்டியபோது, அந்தக் கதாபாத்திரங்களுக்குப் பின்னால் உயிருள்ள மனிதர்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்களுள் ஒரு பெண் அழுததைப் பத்திரிகையாளர் ஜூலியன் டிபெல் பதிவுசெய்துள்ளார். ஒப்பிட்டால், பப்ஜிக் களத்தில் இறங்கும் நூறு பேரும் சுடப்படச் சம்மதித்தே இறங்குகிறார்கள்; தோட்டாக்களும் பிணங்களும் மிகுந்த அந்த ஆட்டத்தைவிட, ஒரு துளி இரத்தமும் காட்டப்படாத லாம்டாமூ நிகழ்ச்சியே கொடியது, ஏனெனில் அங்கே எவரும் சம்மதிக்கவில்லை. காட்சியின் குரூரத்தை மட்டும் அளந்து வயது முத்திரை குத்தும் தணிக்கைமுறைக்கு இந்த வேறுபாடு புலப்படுவதில்லை. லாம்டாமூவினர் அதை உணர்ந்தே விவாதித்தார்கள். நிர்வாகிகளுள் ஒருவர் பங்கிளின் கணக்கை அழித்தார், அந்த உலகை நிறுவிய பாவெல் கர்ட்டிஸ் இத்தகைய வழக்குகளை உறுப்பினர்களே தீர்த்துக்கொள்ள மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட முறையொன்றை ஏற்படுத்தினார்.