தவணை தவறாத ஊசி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள கயல்,

குடும்பக் கட்டுப்பாடு அவரவர் சொந்த விஷயம், அதற்கு அரசு ஏன் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். முடிவு சொந்த விஷயம்தான். ஆனால் அதற்கான சாதனத்தை யாராவது வாங்கி, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும் அல்லவா?

தறி ஓட்டும் ஒரு பெண், அடுத்த பிள்ளைக்கு மூன்று வருடம் போகட்டும் என்கிறாள். ‘அந்தரா’ என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறாள். “ஸ்டாக் இல்லம்மா, அடுத்த மாசம் வாங்க” என்றால்? சரிகை வராமல் நின்ற தறியை, வந்தபின் விட்ட இடத்திலிருந்து ஓட்டலாம். ஊசிக்குச் சில வாரத் தாமதம் தாங்கும். அதற்கு மேல் உடம்பு காத்திருக்காது.

இந்தியா 1952-லேயே தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஒதுக்கியது 65 லட்சம் ரூபாய். 1968-ல் ‘நிரோத்’ ஆணுறை வந்தபோது மூன்று உறை 15 பைசா. மீதிச் செலவு அரசுடையது. டீத்தூளும் சோப்பும் விற்ற கம்பெனிகளே அதையும் பெட்டிக்கடைவரை கொண்டுபோயின. அடுத்த ஆண்டே திருவனந்தபுரத்தில் அரசு ஆலை ஆணுறை உற்பத்தியைத் தொடங்கியது.

பிறர் பணத்தையே நம்பிய நாடுகளின் பாடு வேறு. 2025-ல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியதும், பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்கென்று வாங்கி வைத்திருந்த சுமார் 97 லட்சம் டாலர் பெறுமான கருத்தடைச் சாதனங்கள் பெல்ஜியக் கிடங்கிலேயே முடங்கின.

பணம் மட்டும் இருந்தும் பயனில்லை. 1976-77-ல் இலக்கு வைத்து 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பலருக்கு அது கட்டாயம். அந்தக் கசப்பில் ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள, பாரம் பெண்கள் தலையில் விழுந்தது. இன்றும் தமிழ்நாட்டில் கருத்தடை என்றால் பெரும்பாலும் பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷன்தான். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட மட்டும் நினைப்பவளுக்கு அது எப்படி உதவும்? மாத்திரை, ஊசி, காப்பர்-டி, உறை எல்லாம் இருந்தால்தான், வேண்டியதை அவள் எடுத்துக்கொள்ள முடியும்.

ஆகவே பட்ஜெட்டில் எத்தனை கோடி என்று பார்த்ததோடு நின்றுவிடாதே. ஆபரேஷனுக்கு எவ்வளவு, தள்ளிப்போடும் சாதனங்களுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார். பிறகு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கடந்த மூன்று மாதத்தில் எது எத்தனை நாள் ஸ்டாக் இல்லாமல் இருந்தது என்று கேள். கோடிகள் ஊர்வரை வந்து சேர்ந்தனவா என்பது அப்போது தெரியும்.

அன்புடன்,
பெரியம்மா