நில அமைப்புப் படத்தில் ஒரு ரயில் ஊர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1879-ஆம் வருஷம் ஏற்பட்ட நிலவியல் அளவை இலாகா, தேச முழுமைக்கும் நில அமைப்புப் படம் வரையும் வேலையை 1884-இல் தொடங்கிற்று. அதன் பழைய தாள்களிற் பலவற்றில், தரையில் ஏறக்குறைய ஒரு மைல் ஓர் அங்குலமாகக் காட்டப்பட்டிருக்கிறது.

மத்திய மேற்குச் சமவெளியைச் சேர்ந்த தாளொன்றை விரித்தால், முதலில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களே கண்ணிற்படும். 1785-ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்நிலம் மைலுக்கு மைல் சதுரமாக அளக்கப்பட்டது. ஒரு கட்டம் 640 ஏக்கர். அதிற் காற்பங்காகிய 160 ஏக்கரையே 1862-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு குடியானவருக்கு அளித்தது. பாதைகள் கட்டங்களின் ஓரமாகச் செல்கின்றன. கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு வீடு. நத்தம் என்பது அங்கே கிடையாது. அவரவர் வயலில் அவரவர் வீடு.

குறுக்குக் கீறல்களுடன் கூடிய கறுப்புக்கோடு இருப்புப்பாதை. அது பல இடங்களில் கட்டங்களை லட்சியம் செய்யாது சாய்ந்து செல்கிறது. காரணத்தைப் பழுப்புக் கோடுகளில் காணலாம். அவை சம உயரத்தைக் குறிப்பவை. நெருங்கியிருந்தால் மேடு செங்குத்தானது, விலகியிருந்தால் தரை சமமானது. பாரவண்டித் தொடர் செங்குத்தில் ஏறாதாகையால், கோடுகள் விலகிய வழியையே பாதை நாடுகிறது.

பாதையில் சில மைலுக்கொரு ஸ்டேஷன். அதை ஒட்டித் தானியக் களஞ்சியமும் சிற்றூரும். குதிரை வண்டியில் பாரமேற்றி ஒரே பகலில் போய்த் திரும்பும் தூரமே குடியானவரின் எல்லை. தம் வீட்டுப் புள்ளியிலிருந்து விரலால் அளந்தால், அடுத்த ஸ்டேஷன் எட்டாதென்பது அவருக்கு விளங்கிவிடும். பாதை நெடுகிலும் வரிசையாகக் களஞ்சியங்களை வைத்திருந்த கம்பெனிகளும் இதை நன்கு அறிந்திருந்தன. படத்தில் மேடு பள்ளம் உண்டு. அக்களஞ்சியத்தில் கொடுத்த விலை இல்லை.

ஐயோவா மாகாணத்து ராக்வெல் என்னும் ஊரில் குடியானவர்கள் 1889-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாமே தானியம் வாங்கி விற்றனர். போட்டிக்காரர்கள் அதிக விலை கூறி அங்கத்தினரை இழுக்கப் பார்த்தனர். எவனுக்கும் நாலு காசு கூடுதலாகக் கிடைத்தால் கால் அங்கே போவது சகஜமே. சங்கத்தார் அதைத் தடுக்கவில்லை. அங்கத்தினர் வெளியில் விற்றாலும், விற்ற ஒவ்வொரு புஷலுக்கும் சங்கத்துக்கு ஒரு சிறு தொகை கட்டவேண்டுமென்று விதி செய்தனர். தானியம் கம்பெனிக்குப் போயிற்று. சங்கத்தின் செலவுக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. களஞ்சியக் கதவு மூடப்படவில்லை.