பழைய ஈசிஜி இருக்கா என்று கேள்

அன்புள்ள தம்பி,

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் டூட்டி கிடைத்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். நெஞ்சுவலியே இல்லாதவருக்கு எடுத்த ஈசிஜியில் 'பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்று மெஷின் அச்சடித்துக் கொடுத்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய்.

இது உனக்கு அடிக்கடி வரும். கண்புரை ஆபரேஷனுக்கு முன் ஈசிஜி கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்களிலும் எடுத்தார்கள். ஒரு தொந்தரவும் இல்லாமல் வந்த சம்சாரி, 'பிளாக்' என்று காதில் விழுந்ததுமே ரத்தக்குழாய் அடைப்பு என்று எண்ணி ஆஞ்சியோவுக்குப் பணம் புரட்டக் கிளம்பிவிடுவார். அவரை உட்காரவைத்து, "இது குழாய் அடைப்பு இல்லை, இதயத்துக்குள் ஓடும் கரண்ட் ஒரு பாதையில் தாமதமாகப் போகிறது" என்று முதலில் சொல். மற்றதெல்லாம் அப்புறம்.

மெஷின் சொன்னதை ஒதுக்கிவிட்டு நீயே பார். வி1 நான்காம் விலா இடுக்கில்தான் இருந்ததா? ஓர் இடுக்கு மேலே ஏறினாலே வலது பிளாக் மாதிரி பொய்யாகக் காட்டும். தாள் நொடிக்கு 25 மி.மீ. ஓடுகிறது, ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். கியூஆர்எஸ் மூன்று கட்டம் அகன்றால்தான் முழு பிளாக். பிளாக் வலது பக்கமாக இருந்து, தொந்தரவும் இல்லை, பரிசோதனையிலும் குறை இல்லை என்றால், பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. வயது ஏற ஏற இது கூடத்தான் செய்யும். இடது பக்கத்தை அப்படி விட்டுவிடாதே. நாள்பட்ட ரத்தக்கொதிப்போ, தசை பலவீனமோ, தெரியாமல் வந்துபோன அட்டாக்கோ பின்னால் இருக்கலாம். எக்கோவுக்கு அனுப்பு. பிஆர் இடைவெளி 200 மில்லிசெகண்டைத் தாண்டியிருந்தால் மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொல்: அட்டினலால், டில்டியாசெம், டிகாக்சின் எதுவாவது கிடக்கலாம்.

தாளைவிட ஆளைக் கேட்பதுதான் பெரிது. "மயக்கம் வந்துச்சா?" என்றால் நம் ஆட்கள் "இல்ல சார்" என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்ன ஒரு பாட்டியின் பக்கத்தில் நின்ற மகள், "போன மாசம் குழாயடியில குடத்தோட சாய்ஞ்சியேம்மா" என்றாள். வெயில் என்று விட்டுவிட்டார்களாம். வலது பிளாக்கோடு பிஆரும் நீண்டிருந்தது. மெஷினை நிறுத்தாமல் நீளமாக ஓடவிட்டேன். பி அலை வந்து, பின்னால் கியூஆர்எஸ் வராத துடிப்புகள் இரண்டு மூன்று அதில் கிடைத்தன. அன்றைக்கே திருநெல்வேலிக்கு அனுப்பி, பேஸ்மேக்கர் வைத்து, இப்போது நன்றாக இருக்கிறார். 1958இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடலுக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கர் சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. ஆனாலும் அவர் ஒன்று மாற்றி ஒன்று வைத்துக்கொண்டு 2001 வரை, 86 வயதுவரை வாழ்ந்தார். இன்று நம் ஊர் ஏழைக்கு முதல்வர் காப்பீட்டிலேயே அது கிடைக்கிறது. ஆகவே மயக்கம் என்று கேட்காமல், "கண்ணு இருட்டுச்சா, நின்ன எடத்துலயே சாய்ஞ்சீங்களா" என்று கேள். கூட வந்தவரையும் கேள்.

இன்னொன்று, இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். பழைய ஈசிஜி இருக்கா என்று கேள். ஐந்து வருஷத்துக்கு முன் எடுத்ததிலும் இதே பிளாக் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் அந்தத் தாள் சூட்டில் அச்சாவது. மஞ்சப்பையில் மாத்திரையோடு கிடந்து, நாளடைவில் மங்கி வெறும் வெள்ளைத் தாள்போல் ஆகிவிடும். அதனால் ஜெராக்ஸ் எடுத்து, தேதியும் வயதும் சாப்பிடும் மாத்திரையும் உன் கையால் எழுதிக் கொடு. மகனோ மகளோ போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். இடது பிளாக் உள்ளவருக்கு அட்டாக் வந்தால் ஈசிஜியில் கண்டுபிடிப்பது கஷ்டம். அவர் நடுராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனால், டூட்டி டாக்டர் முதலில் தேடுவது நீ கொடுத்த நகலைத்தான்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்