பிள்ளைகள் சேர்ந்து நடந்து போகும்போது



காலையில் பள்ளிக்கூடத்துக்கும் மாலையில் மக்தபுக்கும் நம் தெருப் பிள்ளைகள் கூட்டமாக நடந்து போகிறார்கள். "நாலு பேரோடுதானே போகிறான்" என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் கூட்டம் மட்டுமே பாதுகாப்பு ஆகாது. தனியாகப் போகும் பிள்ளை பயந்தாவது சாலையைப் பார்க்கும். கூட்டத்தில் போகும் பிள்ளை முன்னால் போகிறவன் முதுகைத்தான் பார்க்கும். அவன் ஓடினால் இதுவும் ஓடும்.

ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் குழுவாக நடந்து பள்ளி செல்வது பழைய வழக்கம். அப்படிப் பழகிய நாட்டிலும் 2019 மே 8 அன்று ஓட்சு நகரில் ஒரு துயரம் நடந்தது. மழலையர் காப்பகப் பிள்ளைகள் ஆசிரியைகளோடு உலாவப் போய், சாலைச் சந்திப்பில் நடைபாதையில் நின்றிருந்தார்கள். இரண்டு கார்கள் மோதி, அதில் ஒன்று அவர்கள் மேல் ஏறியது. இரண்டு வயதுப் பிள்ளைகள் இருவர் இறந்தார்கள். ஆசிரியைகள் மேல் ஒரு தவறும் இல்லை. அதன் பிறகு அந்த நாட்டில் பிள்ளைகள் நடக்கும் பாதைகளையும் நிற்கும் இடங்களையும் ஆய்வு செய்தார்கள்.

நமக்கு நடைபாதையே இல்லை. ஆகவே எங்கே நிற்கிறோம் என்பதை இன்னும் கவனிக்க வேண்டும். முனையில், தார் விளிம்பை ஒட்டி நிற்கக் கூடாது. வளைவை விட்டுத் தள்ளி, ஒரு சுவரோ மரமோ நமக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கும்படி நிற்பது நல்லது. நடக்கும்போது வண்டிகள் எதிரே தெரியும்படி சாலையின் வலது ஓரமாகப் போக வேண்டும்.

கடப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறோம். இருபது பிள்ளைகள் இரண்டிரண்டாக வந்தால் வரிசை ஏறக்குறைய 8 மீட்டர் நீளம். சாலை 7 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தால், கடைசிப் பிள்ளை அக்கரை சேர 15 விநாடி ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஜல்லி லாரி அதற்குள் 165 மீட்டர் வந்துவிடும். அதே வரிசையைச் சாலையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, எல்லோரையும் ஒரே நேரத்தில் நடக்கச் சொன்னால் 7 விநாடி போதும். இதற்குக் காசு செலவில்லை, இரண்டு நாள் பழக்கினால் வந்துவிடும்.

முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். பின்னால் வருபவர்தான் முக்கியம். செருப்பு அறுந்து நின்றுவிட்ட பிள்ளையை அவர்தான் பார்ப்பார். எட்டு வயது அக்காவிடம் தம்பியை ஒப்படைப்பது போதாது, வண்டியின் வேகத்தைக் கணிக்க அவளுக்கே இன்னும் தெரியாது. தாய்மார்கள் வாரத்துக்கு இருவர் என முறை வைத்துக்கொள்ளலாம். மிகச் சிறியவர்களுக்கு முடிச்சுப் போட்ட கயிறு, ஆளுக்கு ஒரு முடிச்சு.

மக்ரிபுக்குப் பின் திரும்பும்போது வெள்ளை ஜிப்பா தூரத்திலேயே தெரியும், கருப்பு ஃபர்தா தெரியாது. முன்னும் பின்னும் டார்ச் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலை ஓரம் சகதியாகி பிள்ளைகள் தார்ச்சாலைக்கு ஏறிவிடுவார்கள். அந்த மாதங்களில் சுற்றானாலும் உள்தெரு வழியே போகட்டும்.

இன்னொன்று. நேரமாகிவிட்டது என்று பதினைந்து வயது அண்ணனிடம் பைக்கைக் கொடுத்து அனுப்பாதீர்கள். 2019 சட்டத் திருத்தப்படி, 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

புறப்படும்போது ஒரு முறை, கடந்தபின் ஒரு முறை, வாசலில் விடும்போது ஒரு முறை தலையை எண்ணுங்கள். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லுங்கள், பிள்ளைகளே சேர்ந்து எண்ணுவார்கள்.